வாசல்லயே கேக்குறாங்க: திருநம்பின்னு பாக்டரில யார்கிட்ட முதல்ல சொல்றது?

வெர்னியர்27 · 9 ஜூன் 2024, இரவு 10:40

வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னிக்குத்தான் எழுதறேன். நீளமா போகும், பொறுத்துக்கங்க.

வயசு 27. கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனில குவாலிட்டில இருக்கேன். ஷாப்ட், இம்பெல்லர் மெஷின்ல இருந்து இறங்கினதும் அளந்து பார்த்து பாஸ், ரிஜெக்ட் போடற வேலை. ஆறு வருஷம் ஆச்சு. என் டேபிள்ல பாஸ் ஆன சரக்கு கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வந்தது ரெண்டே தடவை. அதுலயும் ஒண்ணு மைக்ரோமீட்டர் காலிபரேஷன் தள்ளிப்போனதால வந்தது. (இதை ஏன் எழுதறேன்னு தெரியல. நான் நல்லா வேலை செய்யறேன்னு முதல்ல நிரூபிச்சுட்டுத்தான் மத்ததைப் பேசணும்னு பழகிப்போச்சு போல.)

நான் திருநம்பி. பொறந்தப்ப பொண்ணுன்னு எழுதினாங்க. பதினோராவது படிக்கறப்பவே எனக்குத் தெரியும், அதுக்குப் பேரு என்னன்னு தெரிய இன்னும் அஞ்சு வருஷம் ஆச்சு. வீட்டுல அண்ணனுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருக்காங்க. கம்பெனில யாருக்கும் தெரியாது.

"சொல்லாம இருந்தா என்ன"ன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். போன வாரம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலைல கம்பெனி பஸ்ல லேடீஸ் முன்னாடி, ஜென்ட்ஸ் பின்னாடி. கேட்ல லேடீஸ் லைன் தனி. ஒரு திரைக்குப் பின்னாடி செக்யூரிட்டி அக்கா தடவிப் பார்த்து அனுப்புவாங்க. லாக்கர் ரூம். சுடிதார் மேல மெரூன் ஓவர்கோட், ஆம்பளைங்களுக்கு சாம்பல் சட்டை. டாய்லெட். கேன்டீன் லைன். சாப்பிடற டேபிள். சாயங்காலம் கேட்ல மறுபடியும் அதே திரை. திரும்பி வர பஸ். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து தடவை "நீ எந்தப் பக்கம்"னு அந்தக் கட்டடமே கேக்குது. ஒவ்வொரு தடவையும் நான் பொய் சொல்றேன்.

அந்தத் திரைதான் ரொம்பக் கஷ்டம். மார்ல கிரேப் பேண்டேஜ் சுத்திட்டுத்தான் போறேன். அக்கா கை பட்டா தெரியும். ஒரு தடவை "என்ன அடிகிடி பட்டுச்சா"ன்னு கேட்டாங்க. "முதுகு வலி"ன்னேன். டாய்லெட் போகப் பிடிக்காததால ஷிப்ட் முழுக்கத் தண்ணி குடிக்கறதில்ல. மார்ச்ல யூரின் இன்பெக்ஷன் வந்து மூணு நாள் லீவு.

போன ஆயுத பூஜைக்கு ரெண்டு திருநங்கைகள் வந்து மெஷினுக்கெல்லாம் திருஷ்டி கழிச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனாங்க. முதலாளி காலைத் தொடாத குறையா காசு கொடுத்து அனுப்பினார். அவங்க கேட் தாண்டினதும் என் டிபார்ட்மென்ட்டே சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அதுல நானும் சேர்ந்து சிரிச்சேன்.

இனிமே முடியாதுன்னு தோணுது. சூப்பர்வைசர் ஓரளவு நல்லவர். எச்.ஆர்ல ஒரு மேடம், பேசிப் பழக்கமில்ல. பிளான்ட் மேனேஜர் வாயைத் திறந்தாலே கிண்டல். யார்கிட்ட முதல்ல சொல்றது? எப்படிச் சொல்றது?

---

கொங்குமணி · 9 ஜூன், இரவு 11:15

தப்பா நினைக்காதீங்க. வேலைக்குப் போனமா, சம்பளம் வாங்கினமான்னு இருக்கலாமே. நான் வீட்டுல என்ன, மனசுல என்னன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்றேனா? இதெல்லாம் அவரவர் சொந்த விஷயம்.

---

வெர்னியர்27 · 9 ஜூன், இரவு 11:31

அண்ணா, நீங்களும் தினம் சொல்றீங்க. ஜென்ட்ஸ் லைன்ல நிக்கறப்பவே சொல்லிடறீங்க. அது சொல்ற மாதிரி உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

---

வார்டு_சிஸ்டர் · 10 ஜூன், காலை 6:05

மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் கிரேப் பேண்டேஜைக் கழட்டுங்க. நான் இருபது வருஷமா நர்ஸ். அது சுளுக்குக்குக் கட்டறது. மூச்சு விட விட இறுகும். பாக்டரி சூட்டுல, எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்துக்கிட்டு அதைக் கட்டினா விலா எலும்பு வலி, தோல் புண்ணு, தலைசுத்தல்னு வரிசையா வரும். இதுக்குன்னே தைச்ச பைண்டர் கிடைக்குது, சரியான அளவு வாங்கணும். அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல போடக் கூடாது, போட்டுக்கிட்டுத் தூங்கவே கூடாது. வாங்க முடியலைன்னா இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பனியன் போதும்.

தண்ணி குடிக்காம இருக்கறது அதைவிட மோசம். மறுபடி காய்ச்சல் குளிரோட வந்தா, அது கிட்னிக்கு ஏறுதுன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி.

---

வெளியூர்_வாசி · 10 ஜூன், காலை 8:20

சிம்பிள். வேலையை விட்டுடுங்க. பேரை மாத்திக்கிட்டு ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ போய் ஆணாவே புதுசா சேர்ந்துடுங்க. யாருக்கும் தெரியாது. முடிஞ்சா வெளிநாடு.

---

வெர்னியர்27 · 10 ஜூன், மதியம் 1:10

இதையும் யோசிக்காம இல்ல. என் டிப்ளமோ சர்ட்டிபிகேட்டுல பேரை மாத்தலாம். ஆனா நான் படிச்சது மகளிர் பாலிடெக்னிக். கல்லூரிப் பேர்லயே எழுதியிருக்கு. இன்டர்வியூல அதை எடுத்து நீட்டினா அங்கயும் அதே கேள்விதான்.

(எழுதறப்ப எனக்கே சிரிப்பு வருது.)

---

எச்ஆர்_மேசை · 10 ஜூன், இரவு 9:02

நான் வேறொரு ஊரில், வேறொரு தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை மாறச் சொன்ன நண்பருக்கு ஒரு விஷயம். பி.எஃப். எண் ஆளோடு கூடவே வரும். புதுக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே அந்த எண்ணைக் கேட்பார்கள். அதைப் போட்டால் பழைய பேர், பழைய பாலினம், பழைய கம்பெனி எல்லாம் திரையில் வரும். இந்த 2024-ல் திருத்துவதென்றால் ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஓடினாலும் ஏதோ ஒரு எச்.ஆருக்குத் தெரியத்தான் போகிறது. தெரியப் போவது உங்கள் வேலையைப் பார்த்தவருக்கா, பார்க்காதவருக்கா என்பதுதான் வித்தியாசம்.

வெர்னியர், எச்.ஆர். உங்கள் தோழி அல்ல. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. அந்த மேடத்திடம் முதலில் வாயால் சொல்லாதீர்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். டைம் ஆபீஸ் பக்கத்தில் நோட்டீஸ் போர்டு இருக்கும், தொழிற்சாலைச் சட்டச் சுருக்கம், குறைந்தபட்சக் கூலி, பாலியல் புகார்க் குழு பெயர்கள் எல்லாம் தூசி படிந்து தொங்கும். அதில் திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரையும் சேர்த்த சொல்) சட்டத்தின்படி புகார் அலுவலர் என்று யார் பெயராவது இருக்கிறதா பாருங்கள். நான் பார்த்த கம்பெனிகளில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் அது அவர்கள் தவறு, உங்கள் கையில் ஒரு பிடி.

---

கோர்ட்_வாசல் · 10 ஜூன், இரவு 10:48

மேலே சொன்னதன் சட்டப் பின்னணி. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் என்ன என்பதை அவரவரே சொல்லலாம் என்றது. ஆனால் அதை வைத்து ஒரு தனியார் முதலாளியைப் பிடிப்பது கடினமாக இருந்தது. 2020 ஜனவரி 10-ல் அமலுக்கு வந்த 2019-ம் வருடத் திருநர் சட்டம்தான் தனியாரையும் உள்ளே கொண்டுவந்தது. பிரிவு 9, வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. பிரிவு 11, ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. 2020-ம் வருட விதிகள் இன்னும் விவரமானவை. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதில் பொதுக் கழிப்பறை, போக்குவரத்து, காவலர்கள், ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைத்திருப்பது எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் கேட் திரை பிரச்சினை, விதியிலேயே "காவலர்கள்" என்ற சொல்லுக்குள் வரும் என்று வாதிடலாம். புகார் கொடுத்தால் 15 நாளில் விசாரணை.

இனி கசப்பான பகுதி. பிரிவு 9-ஐ மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் நேராக எதுவும் இல்லை. பிரிவு 18-ல் உள்ள துன்புறுத்தல், மன உளைச்சல் வகையறாக்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். அவ்வளவுதான். பல் இல்லாத வாய் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனாலும் கடிதத்தில் பிரிவு எண் இருந்தால் பதில் சொல்பவரின் குரல் மாறும், அதை நான் கண்டிருக்கிறேன்.

கம்பெனி "மெடிக்கல் எடுத்துட்டு வா" என்றால் மறுத்துவிடுங்கள். கரூரில் பெண் காவலராகச் சேர்ந்த ஒருவரை மருத்துவச் சோதனையை வைத்து "நீ பெண் இல்லை" என்று வெளியே அனுப்பினார்கள். நால்சாவுக்கு இரண்டே நாள் கழித்து, 2014 ஏப்ரல் 17-ல், சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இன்னொரு விசித்திரம். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் "பெண்"ணுக்கு மட்டும். இன்று யாராவது உங்களிடம் வாலாட்டினால் காகிதத்தில் பெண்ணாக இருப்பதால் அந்தக் குழுவுக்குப் போகலாம். காகிதம் ஆணாக மாறிய மறுநாள் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

---

வெர்னியர்27 · 11 ஜூன், இரவு 9:20

போர்டு பார்த்தேன். இல்ல. 2017-ல் ஒட்டின குறைந்தபட்சக் கூலி இருக்கு, அதுவும் கிழிஞ்சு.

சர்ட்டிபிகேட் பத்தி ஒரு குழப்பம். கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கற கார்டுல "ஆண்"னு வராதாமே?

---

கோர்ட்_வாசல் · 11 ஜூன், இரவு 10:15

ஆமாம். தேசிய இணையதளத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தால் மாவட்ட ஆட்சியர் பெயரில் சான்றிதழும் கார்டும் வரும். 2020-ம் வருட விதிகளின்படி மருத்துவச் சோதனை கிடையாது, முப்பது நாளில் கொடுக்க வேண்டும். அதில் "திருநர்" என்று இருக்கும். "ஆண்" என்று வேண்டுமானால் பிரிவு 7-ன்படி மருத்துவமனையிலிருந்து காகிதம் வாங்கி மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தில் "அறுவை சிகிச்சை" என்று இருக்கிறது. விதிகளில் மருத்துவத் தலையீடு என்பதற்குள் ஆலோசனை, ஹார்மோன் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி படிக்கிறார்கள்.

---

வெர்னியர்27 · 11 ஜூன், இரவு 10:40

அப்போ ஆம்பளைன்னு அமைதியா வாழறதுக்கு முன்னாடி, நான் யாருன்னு ஒரு கார்டு எடுத்து எல்லாருக்கும் காட்டணும். சரி.

---

வைகைக்கரை_அக்கா · 12 ஜூன், காலை 11:30

தம்பி, நான் திருநங்கை. மதுரைக்காரி. சென்னைல ஒரு கால் சென்டர்ல 2016-ல வெளிய சொன்னவ. என் கதையில இருந்து ஒண்ணே ஒண்ணை எடுத்துக்க.

நான் டீம் லீடர்கிட்ட சொன்னேன். நல்ல மனுஷன், கண் கலங்கிட்டான். நேரா எச்.ஆர்கிட்ட போனான். அவங்களும் நல்லதுதான் நினைச்சாங்க. மறுநாள் காலைல ப்ளோர் முழுக்க ஒரு மெயில். என் பழைய பேரு, புதுப் பேரு, "இவர் இனி பெண்ணாக அறியப்படுவார், அனைவரும் அன்போடு நடந்துகொள்ளவும்"னு. முந்நூறு பேருக்கு. நான் உள்ள நுழையறேன், முந்நூறு தலை திரும்புது. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அன்னிக்கு மதியம் டாய்லெட்ல உக்காந்து அழுதேன், அதுவும் எந்த டாய்லெட்னு தெரியாம மாடிப்படிக்குப் பக்கத்துல இருக்கற ஊனமுற்றோர் டாய்லெட்ல.

அதனால யார்கிட்ட சொல்றேங்கறதைவிட, அடுத்து யார் யாருக்குச் சொல்லலாம், என்ன வார்த்தைல சொல்லலாம்னு நீயே எழுதிக் கொடு. "இதுக்கு மேல என்னைக் கேக்காம யாருக்கும் சொல்லக் கூடாது"ன்னு ஒரு வரி சேத்துக்க.

எங்களுக்காவது ஜமாத்னு எங்க திருநங்கைங்க கூட்டம் இருக்கு, குரு இருக்காங்க, சண்டை போட்டாலும் போய் விழ ஒரு வீடு இருக்கு. உங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. திருநம்பி பிள்ளைங்க தனித்தனியா ரூமுக்குள்ள இருந்தே மூச்சு முட்டிப் போறதைப் பாத்திருக்கேன். அண்ணனுக்குத் தெரியும்னு சொன்னியே, அவனை இதுல சேத்துக்க.

இன்னொண்ணு. வாடகை வீடா இருந்தா முதல்ல அதைப் பத்திரம் பண்ணு. 2017-ல கொச்சி மெட்ரோல நம்ம ஆளுங்களை வேலைக்கு எடுத்தாங்க, ஊரே கொண்டாடிச்சு. வேலை கிடைச்சுது, வீடு கிடைக்கல. அதனாலயே கொஞ்ச நாள்ல வேலையை விட்டவங்க இருக்காங்க.

---

கொங்குமணி · 12 ஜூன், மதியம் 2:00

அந்த மெயில் விஷயம் படிச்சேன். முன்னாடி நான் எழுதினது அரைகுறையா எழுதினது. ஆனா டாய்லெட்டுக்கு என்ன வழி? கம்பெனி தனியா கட்டுமா?

---

எச்ஆர்_மேசை · 12 ஜூன், இரவு 8:44

கட்ட வேண்டாம். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் ஆண், பெண் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவதாக ஒன்று இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எல்லாக் கம்பெனியிலும் விசிட்டருக்கென்று பூட்டி வைத்த சுத்தமான டாய்லெட் ஒன்று இருக்கும். வருடத்தில் ஆடிட் நாளில் மட்டும் திறப்பார்கள். அந்தச் சாவியைக் கேளுங்கள்.

---

பழைய_இன்சார்ஜ் · 13 ஜூன், அதிகாலை 4:50

நான் ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷம் பவுண்டரி. சங்கத்துலயும் இருந்தேன். இந்த இழையை ரெண்டு நாளா படிக்கிறேன், தூக்கம் வரல, அதான் இந்நேரத்துக்கு.

2011-ல எங்க மோல்டிங் செக்ஷன்ல ஒரு பையன் இருந்தான். நடை, பேச்சு எல்லாம் மென்மையா இருக்கும். பசங்க பேரு வெச்சுக் கூப்பிடுவாங்க. என்ன பேருன்னு எழுத மாட்டேன். நான் ஷிப்ட் இன்சார்ஜ். ஒரு நாள் அவன் டிபன் பாக்ஸ்ல கரிமண்ணைக் கொட்டி வெச்சுட்டாங்க. என்கிட்ட வந்து திறந்து காட்டினான். நான் "நீ கொஞ்சம் ஆம்பளையா நடந்துக்கப்பா, சரியாயிடும்"னு சொன்னேன். சொன்னப்ப பின்னாடி பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த மாசச் சம்பளம் வாங்கக்கூட வரல.

கூலி உயர்வுக்கு கேட்ல உக்காந்து பதினெட்டு நாள் ஸ்ட்ரைக் பண்ணினவன் நான். அந்த டிபன் பாக்ஸுக்கு ஒரு மெமோ எழுதியிருக்கலாம், எழுதல.

தம்பி, உன் சூப்பர்வைசர் ஓரளவு நல்லவர்னு எழுதியிருக்க. நானும் ஓரளவு நல்லவன்னுதான் பேர் வாங்கியிருந்தேன். அவர்கிட்ட சொல்றப்ப தனியா சொல்லு. நாலு பேர் பாக்கறப்ப நல்லவனா இருக்கறது அந்த நாற்காலில ரொம்பக் கஷ்டம். சொல்லிட்டு, அவர் என்ன செய்யணும்னும் நீயே சொல்லிடு. இல்லைன்னா ஏதாவது உபதேசம் பண்ணிடுவார், என்னை மாதிரி.

---

வெர்னியர்27 · 13 ஜூன், இரவு 11:05

அய்யா, படிச்சேன். என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. ஆனா உங்க கடைசி வரியை நோட்டுல எழுதிக்கிட்டேன்.

---

நிர்வாகி · 14 ஜூன்

இழைக்குத் தொடர்பில்லாத ஆறு பதிவுகள் நீக்கப்பட்டன. "அறுவை சிகிச்சை ஆச்சா" என்று கேட்பவர்கள் தங்கள் சிகிச்சை விவரங்களை முதலில் பதிவிட்டுவிட்டுக் கேட்கவும்.

---

வைகைக்கரை_அக்கா · 2 ஆகஸ்ட், இரவு 7:15

தம்பி, ஆளையே காணோம். உயிரோட இருக்கியா?

---

வெர்னியர்27 · 22 செப்டம்பர் 2024, மாலை 5:30

இருக்கேன்க்கா. மன்னிச்சுக்கங்க. நடந்ததை வரிசையா சொல்றேன்.

ஜூலைல சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அளவுக் கருவிகளைச் சரிபாக்கற ஸ்டாண்டர்டு ரூம்ல, ஏ.சி. ஓடிட்டு இருந்துச்சு, நாங்க ரெண்டு பேர்தான். மனப்பாடம் பண்ணிட்டுப் போனது எல்லாம் மறந்துபோச்சு. "சார், நான் பொண்ணு இல்ல"ன்னு ஆரம்பிச்சுட்டேன். அவர் ரொம்ப நேரம் கேஜ் பிளாக் பெட்டியையே மூடி மூடித் திறந்துட்டு இருந்தார். அப்புறம் "இதனால அளக்கறதுல ஏதாவது மாறுமா"ன்னு கேட்டார். கிண்டலா கேக்கல, நிஜமாவே கேட்டார். மாறாதுன்னேன். "அப்போ எனக்கு என்ன பிரச்சினை"ன்னுட்டார். ஆனா அதுக்கப்புறம் மதியம் என்கூட உக்காந்து சாப்பிடறதை நிறுத்திட்டார். எந்த டேபிள்ல உக்காரறதுன்னு அவருக்கே புரியல போல. வருத்தமாத்தான் இருக்கு.

எச்.ஆருக்கு அக்கா சொன்ன மாதிரி கடிதமா கொடுத்தேன், கோர்ட்_வாசல் சார் சொன்ன பிரிவு எண்களோட. புகார் அலுவலர் யாருன்னு முதல் வரிலயே கேட்டேன். மேடம் பதினோரு நாள் பதில் சொல்லல. அப்புறம் போர்டுல புதுசா ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. புகார் அலுவலர்னு அவங்க பேரே!

விசிட்டர் டாய்லெட் சாவி கிடைச்சுது. அது அட்மின் பிளாக்ல இருக்கு. என் டேபிள்ல இருந்து போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். டீ பிரேக்கே பத்து நிமிஷம். ஆக டீயா, டாய்லெட்டான்னு தினம் ஒரு முடிவு.

சாம்பல் சட்டை கொடுத்துட்டாங்க. பழைய பேரைத்தான் ஐடி கார்டுல வெச்சிருக்காங்க, கலெக்டர் சான்றிதழ் வரட்டும்னு. விண்ணப்பிச்சு ஐம்பத்து மூணு நாள் ஆச்சு. இணையதளத்துல "பரிசீலனையில்"னே இருக்கு.

நைட் ஷிப்ட் கேட்டேன். பெண்களை ராத்திரி ஏழுல இருந்து காலை ஆறு வரைக்கும் வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம், காகிதம் மாறினாத்தான்னு மேடம் சொன்னாங்க. அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லயே ரத்து பண்ணிடுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்கு வேணும்கற சட்டத்துக்குப் பதினோரு நாள் ஆச்சு, அவங்களுக்கு வேணும்கறது நுனி நாக்குல இருக்கு.

பிளான்ட் மேனேஜர் ஒரு தடவை எல்லார் முன்னாடியும் "என்னப்பா, சார்னு கூப்பிடணுமா மேடம்னு கூப்பிடணுமா"ன்னார். மத்தவங்க சிரிச்சாங்க. எல்லாரும் இல்ல. லேத்ல ஒருத்தர் சிரிக்காம மெஷினை ஆன் பண்ணிட்டார், அந்தச் சத்தத்துல மேனேஜர் அடுத்துச் சொன்னது யாருக்கும் கேக்கல. வேணும்னே பண்ணினாரான்னு நான் இன்னும் அவரைக் கேக்கல.

கேட்தான் நான் எதிர்பாக்காதது. கடிதத்துல செக்யூரிட்டிக்கு என்ன சொல்லணும்னு எழுதியிருந்தேன். யாரும் அவங்ககிட்ட எதுவும் சொல்லல. ஆனா சாம்பல் சட்டையோட நான் போன முதல் நாள், அந்த அக்கா என்னைப் பாத்தாங்க, திரையைப் பாத்தாங்க. மெட்டல் டிடெக்டர் கம்பை எடுத்துட்டு வெளிய வந்து, "இங்கயே நில்லு"ன்னு சொல்லி ஜென்ட்ஸ் லைன் ஓரமா நிக்க வெச்சு மேலயும் கீழயும் ஒரு தடவை காட்டிட்டு விட்டுட்டாங்க. "முதுகு வலி பரவால்லையா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் தினமும் அப்படித்தான். நாங்க வேற எதுவும் பேசிக்கல.

பஸ்ல இப்போ நடு சீட்டு. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் இடைல ஒரு டயர் மேட்டு சீட்டு இருக்கும்ல, யாரும் உக்கார மாட்டாங்க, அது.

---

பழைய_இன்சார்ஜ் · 22 செப்டம்பர், மாலை 6:12

லேத்காரர்கிட்ட கேக்காதே. அவரா சொல்ற வரைக்கும் விட்டுடு.

தண்ணி குடிக்கறியா?

---

வெர்னியர்27 · 22 செப்டம்பர், மாலை 6:20

ஒரு பாட்டில். டீயை விட்டுட்டேன்ங்கய்யா.